53.4 சதவீதமும் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலும்

இந்தியாவில் எம்.எஸ்சி. நர்சிங் சேரணும்னா பி.எஸ்சி. நர்சிங்கில் குறைஞ்சது 55 சதவீதம் வாங்கியிருக்கணும். கூடவே ஒரு வருஷம் வேலை பார்த்த அனுபவமும் வேணும். இது இந்திய நர்சிங் கவுன்சில் வெச்சிருக்கிற விதி. என் அறைத்தோழி வாங்கினது 53.4.

அனுபவத்துக்குக் குறைச்சலே இல்லை. நாலு வருஷம் மதுரையில் ஐ.சி.யூ.வில் நைட் டூட்டி பார்த்தவள். வெண்டிலேட்டர் சத்தத்தை வெச்சே எந்த பெட்னு சொல்லுவா. ஆனா அந்த 1.6 சதவீதத்தை எந்த அனுபவத்தாலும் ஈடுகட்ட முடியாது. இருபது வயசில் எழுதின அனாட்டமி பரீட்சை ஆயுசுக்கும் கூடவே வரும். "இன்னொரு தடவை எழுதிக் காட்டறேன், பார்த்துக்கோங்க"ன்னு சொல்ல அங்கே ஒரு ஜன்னலே இல்லை. அதனால ஹெல்த் மேனேஜ்மென்ட்னு ஏதோ ஒரு படிப்பைப் பிடிச்சு லண்டன் வந்து சேர்ந்து, வால்தம்ஸ்டோவில் என்னோட அறையைப் பங்கு போட்டுக்கிட்டு, "இங்கேயாவது என்னை நர்சிங் மேல்படிப்புக்குச் சேர்த்துப்பாங்களா"ன்னு தினமும் புலம்பிக்கிட்டு இருந்தா.

என் படிப்பு ஆவணக்காப்பகம் சம்பந்தப்பட்டது. பழைய காகிதத்தைக் கிளறலைன்னா எனக்குச் சோறு இறங்காது. அவ பல்கலைக்கழகப் பக்கமா தேடிக்கிட்டிருக்க, நான் பின்னாடி போக ஆரம்பிச்சேன். நர்ஸாகறதுக்கு மார்க் வேணும்னு முதல்ல சொன்னது யார்? மார்க்கே வேண்டாம்னு யாராவது சொன்னாங்களா? சொன்னாங்க. அதுவும் சாதாரண ஆள் இல்லை, சாட்சாத் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரே சொல்லியிருக்காங்க!

சரி, முதல்லேர்ந்து வருவோம்.

கிரிமியப் போர் முடிஞ்சதும் மக்கள் கொடுத்த நிதியை வெச்சு 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி தொடங்கிச்சு. முதல் செட்டில் 15 பேர். பயிற்சி ஒரு வருஷம். சாப்பாடு, தங்கற இடம், சீருடை, கூடவே வருஷத்துக்கு பத்து பவுண்டு. படிச்சுக்கிட்டே சம்பளம்! இன்னிக்கு ஃபீஸ் கட்டிப் படிக்கிறவங்க பெருமூச்சு விட்டுக்கலாம்.

அந்தப் பள்ளியில் மார்க் இருந்தது. ஆனா எதுக்கு மார்க்குங்கறதுதான் விஷயம். மேட்ரன் வார்ட்ரோப்பர் அம்மா ஒவ்வொரு மாணவிக்கும் மாசாமாசம் ஒரு பெரிய தாள் நிரப்பணும். ஒரு பக்கம் வேலைத்திறன்: கட்டுப் போடறது, எனிமா கொடுக்கறது, நோயாளியைப் புரட்டிப் போடறது இத்யாதி. இன்னொரு பக்கம் குணம்: நேரந்தவறாமை, அமைதி, நம்பகம், உடை சுத்தம். ரெண்டுக்கும் 'மிக நன்று'லேர்ந்து பூஜ்யம் வரைக்கும் தரம் போடணும். அமைதிக்கு மார்க் போட்ட பள்ளிக்கூடத்தை வேற எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? நம்ம ஊர் கான்வென்ட்டைத் தவிர? :-)

இதில் ஒரு முரண் இருக்கு. நைட்டிங்கேல் எண்களுக்கு எதிரி இல்லை. ராயல் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரே அவங்கதான். போரில் குண்டடியை விட நோயில் செத்தவங்கதான் அதிகம்னு வட்டம் வட்டமா வரைபடம் போட்டு நிரூபிச்சவங்க. அப்பேர்ப்பட்டவங்க, நர்ஸுங்களுக்குப் பொதுப் பரீட்சை வெச்சு, தேறினவங்க பேரை மட்டும் ஒரு பதிவேட்டில் ஏத்தணும்னு ஒரு யோசனை வந்தப்ப கடுமையா எதிர்த்தாங்க. அவங்க வாதத்தை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி சொல்றேன்: பரீட்சை ஞாபகசக்தியை அளக்கும், ராத்திரி மூணு மணிக்கு வலியில் கத்தற நோயாளி பக்கத்தில் பொறுமையா உட்காருவாளாங்கறதை அளக்காது. பதிவேட்டில் ஒருமுறை பேர் ஏறிட்டா அது ஆயுசுக்கும் இருக்கும். ஆனா ஆள் மாறுவா.

என் தோழிக்கு இதைப் படிச்சுக் காட்டினப்ப அவ சொன்னது: "இந்தம்மா மட்டும் இந்திய நர்சிங் கவுன்சில்ல இருந்திருந்தா!"

ஆனா எதிர்த்தரப்பு வாதமும் லேசுப்பட்டதில்லை. எதிர்த்தரப்பின் பேர் எதெல் மான்சன். 1881-இல் 24 வயசில் லண்டன் செயின்ட் பார்த்தலோமியூஸ் ஆஸ்பத்திரிக்கு மேட்ரனா ஆனவங்க. 24! நானெல்லாம் அந்த வயசில் வங்கிப் பரீட்சைக்கு அப்ளிகேஷன் நிரப்பிக்கிட்டிருந்தேன். 1887-இல் ஃபென்விக் என்கிற டாக்டரைக் கல்யாணம் பண்ணி வேலையை விட்டாங்க. அதே வருஷம் பிரிட்டிஷ் நர்ஸுகள் சங்கத்தை ஆரம்பிச்சு, பதிவேடு வேணும்னு கிளம்பினாங்க. அப்ப யார் வேணா வெள்ளைத் தொப்பி மாட்டிக்கிட்டு "நான் நர்ஸ்"னு சொல்லிக்கலாம். தடுக்கச் சட்டம் இல்லை. மூணு வருஷப் பயிற்சி, பொதுப் பரீட்சை, பதிவேடு இந்த மூணும் இருந்தாதான் நோயாளிக்குப் பாதுகாப்புன்னு அவங்க கட்சி.

கேட்க நியாயமா இருக்கா? இருக்கு. ஆனா அதுக்குள்ளே இன்னொரு ஆசையும் ஒளிஞ்சிருந்தது. நர்ஸ் வேலைக்கு நல்ல குடும்பத்துப் படிச்ச பெண்கள் மட்டும் வரணும்ங்கற ஆசை. சமையல்காரி மகளும் வேலைக்காரியும் வந்து தொழிலின் மரியாதையைக் கெடுக்கறாங்கன்னு ஒரு எண்ணம். கல்வித் தகுதியை உயர்த்தறதும் கதவைக் குறுக்கறதும் ஒரே கையால நடக்கும்போல. நம்ம ஊர் நுழைவுத்தேர்வுச் சண்டைகளை நினைச்சுக்கிட்டேன். இதுக்கு மேல சொன்னா பின்னூட்டம் வேற திசைக்குப் போயிடும், விட்டுடறேன்.

வெள்ளைச்சேப்பல் லண்டன் ஆஸ்பத்திரியில் மேட்ரனா இருந்த ஈவா லக்ஸ் நைட்டிங்கேல் பக்கம். 1880-லேர்ந்து 1919-இல் சாகற வரைக்கும் மேட்ரன். இவங்களும் குணப் பதிவேடு எழுதறதில் கெட்டி. இவங்க எழுதினதில் ஒரு மாணவியைப் பத்தின குறிப்புக்காகத்தான் இந்தப் பதிவில் பாதியை எழுதறேன்.

அந்த மாணவி 1896-இல் 30 வயசில் சேர்ந்தாங்க. அதுக்கு முன்னாடி பெல்ஜியத்தில் பணக்கார வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கற வேலை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லைன்னு ஊர் திரும்பிப் பார்த்துக்கிட்டதில் நர்ஸாகற ஆசை வந்தது. நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாம, டூட்டிங்கில் ஒரு காய்ச்சல் ஆஸ்பத்திரியில் சில மாசம் வேலை பார்த்துட்டு வந்தாங்க. இன்னிக்கு "கேர் அனுபவம் இருக்கா"ன்னு கேட்கறாங்களே, அதேதான்.

லக்ஸ் அம்மா அவங்களைப் பத்தி எழுதின மதிப்பீட்டின் சாரம் இது: திறமை இருக்கு, ஆனா மனசு வெச்சாதான் வேலை செய்வா. நேரத்துக்கு வரமாட்டா. முழுசா நம்பி விட முடியாது. தன்னைப்பத்தி ஒரு மிதப்பு இருக்கறதால மத்தவங்களுக்கு உடனே பிடிக்காது. செய்முறையை விட ஏட்டுப் படிப்பு தேவலை. மெய்ட்ஸ்டோனில் டைஃபாய்டு பரவினப்ப மட்டும் நல்லா வேலை செஞ்சா. மொத்தத்தில் பயிற்சி முடியறப்ப சுமாரான நர்ஸ்.

சுமாரான நர்ஸ்! அந்த மாணவியின் பேர் எடித் கவெல்.

தெரியாதவங்களுக்கு: பயிற்சிக்கு அப்புறம் லண்டனில் ஏழைகளுக்கான ஆஸ்பத்திரிகளில், செயின்ட் பாங்க்ராஸ், ஷோர்டிச் இந்த மாதிரி, வேலை பார்த்தாங்க. அங்கே போக பெரிய இடத்து நர்ஸுகள் முகம் சுளிப்பாங்க. 1907-இல் ப்ரஸல்ஸில் டாக்டர் அன்டுவான் டெபாஜ் ஆரம்பிச்ச நர்ஸ் பள்ளியை நடத்தக் கூப்பிட்டாங்க. பெல்ஜியத்தில் முறையான நர்ஸ் பயிற்சிக்கு அஸ்திவாரம் போட்டது இந்த 'சுமார்' மாணவிதான். முதல் உலகப்போரில் ஜெர்மனி பெல்ஜியத்தைப் பிடிச்சப்ப, நேச நாட்டுச் சிப்பாய்களை ஒளிச்சு வெச்சு ஹாலந்து எல்லை தாண்ட உதவினாங்க. சுமார் 200 பேர்னு சொல்றாங்க. மாட்டிக்கிட்டு, 1915 அக்டோபர் 12 காலையில் சுட்டுக் கொல்லப்பட்டாங்க. டிராஃபல்கர் சதுக்கத்துக்குப் பக்கத்தில் செயின்ட் மார்ட்டின்ஸ் பிளேஸில் நெடுநெடுன்னு நிக்கற சிலை அவங்களோடது. லண்டன் வர்றவங்க கேலரி பார்க்கற அவசரத்தில் தாண்டிப் போயிடுவாங்க.

நம்பகத்துக்குக் குறைவான மார்க் வாங்கினவங்க, உயிர் போற ரகசியத்தை மாசக்கணக்கில் காப்பாத்தியிருக்காங்க. லக்ஸ் அம்மா கெட்டவங்க இல்லை, ரொம்ப கூர்மையானவங்க. ஆனா அவங்க தாளில் அளக்க முடிஞ்சது காலை ஏழு மணிக்கு வார்டுக்கு வந்தியா இல்லையாங்கறதைத்தான். நைட்டிங்கேல் கட்சி சொன்ன 'குண மார்க்'கிலும் ஓட்டை இருக்குன்னு எனக்கு உறைச்சது இங்கேதான். பரீட்சை மார்க்குக்காவது விடைத்தாள் இருக்கு, மறுகூட்டல் கேட்கலாம். மேட்ரனின் அபிப்பிராயத்துக்கு மறுகூட்டல் ஏது?

சண்டை 30 வருஷத்துக்கு மேல இழுத்தது. நைட்டிங்கேல் 1910-இல் காலமானாங்க. அதுக்குள்ளே நியூசிலாந்து 1901-லேயே நர்ஸ் பதிவுச் சட்டம் போட்டு முந்திக்கிச்சு. இங்கிலாந்தில் 1919 டிசம்பரில் சட்டம் வந்தது, ஜெனரல் நர்சிங் கவுன்சில் (இனி ஜி.என்.சி.) அமைஞ்சது. 1921-இல் பதிவேடு திறந்தப்ப முதல் எண் யாருக்கு? எதெல் ஃபென்விக் அம்மையாருக்குத்தான். விட்டுக் கொடுப்பாங்களா பின்னே! முதல் அரசுப் பரீட்சை 1925-இல் நடந்தது.

ஃபென்விக் ஜெயிச்சாச்சு, இனி மார்க் ராஜ்யம்தான்னு நினைச்சா அதுவும் நடக்கலை. ஆள் பத்தலை! பள்ளிப் படிப்பு இவ்வளவு இருந்தாதான் எடுப்போம்னு சொன்னா வார்டைப் பார்க்க யார் வருவா? போர் தொடங்கின 1939-இல் குறைந்தபட்சக் கல்வித் தகுதியை நிறுத்திட்டாங்க. திரும்பி வந்தது 1962-இல். இந்த 165 வருஷக் கதையில் நான் கண்ட ஒரே ஒழுங்கு இதுதான்: ஆள் தேவைப்படும்போது தகுதி இறங்கும், தேவை குறைஞ்சா தகுதி ஏறும். 'தரம்'னு சொல்லி நியாயப்படுத்தறது அப்புறம்தான் நடக்கும்.

1962-இல் திரும்பி வந்த விதியிலும் ஒரு பக்கவாசல் வெச்சிருந்தாங்க. ரெண்டு ஓ-லெவல் பாஸ் இருக்கணும், இல்லைன்னா ஜி.என்.சி. நடத்தற நுழைவுத்தேர்வில் தேறணும். பின்னாளில் டெனிஸ் சைல்ட் என்கிற பேராசிரியர் தயாரிச்ச தேர்வு அந்த இடத்துக்கு வந்தது. மொழி, கணக்கு, படிச்சதைப் புரிஞ்சுக்கற திறன்னு கேள்விகள். பள்ளியில் சறுக்கினவங்க, குழந்தை பெத்து வளர்த்துட்டு முப்பது வயசில் வர்றவங்க எல்லாம் இந்த வாசல் வழியா உள்ளே வந்தாங்க. "நீ அன்னிக்கு எப்படி எழுதினே"ன்னு கேட்காம, "இன்னிக்கு எழுதிக் காட்டு"ன்னு சொன்ன தேர்வு. என் தோழிக்கு ஊரில் கிடைக்காத ஜன்னல் இதுதான்.

இன்னொரு வாசலும் இருந்தது. அதைப் பத்திச் சொல்ல எங்க வீட்டுக்கார ஆன்ட்டி வரணும்.

1943-இல் ஒரு சட்டம் போட்டு, பதிவேட்டுக்குக் கீழே இன்னொரு பட்டியல் உண்டாக்கினாங்க. பதிவேட்டில் இருந்தா எஸ்.ஆர்.என்., மூணு வருஷப் படிப்பு. கீழ்ப் பட்டியலில் இருந்தா எஸ்.இ.என்., ரெண்டு வருஷம். முதல் வகைப் பயிற்சியில் இருக்கறவங்க ஸ்டூடன்ட் நர்ஸ், ரெண்டாவது பியூப்பில் நர்ஸ். தமிழில் ரெண்டும் மாணவிதான், ஆனா வாழ்க்கை வேற. எஸ்.இ.என்.னா வார்டு சிஸ்டர் ஆகறது கஷ்டம், பதவி உயர்வு கிட்டத்தட்ட இல்லை, பல நாடுகளில் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பும் இல்லை. கரீபியன் தீவுகள், மொரீஷியஸ், மலேசியா, இலங்கைன்னு வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் நிறையப் பேரை, தகுதி இருந்தும் விளக்கம் சொல்லாம இந்த ரெண்டாவது வகையில் தள்ளிவிட்டிருக்காங்க. இது பிரிட்டிஷ் நர்சிங் வரலாற்றில் இன்னிக்கு எல்லாரும் ஒத்துக்கிட்ட சங்கதி.

ஆன்ட்டி வடமராட்சிப் பக்கம். ஏ-லெவல் எழுதினது 1973-இல். இலங்கையில் தரப்படுத்தல் வந்த காலம். 1971 சேர்க்கையில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவர்களுக்கு 400-க்கு 250 மார்க் வேணும், சிங்கள மொழி மூலத்துக்கு 229 போதும்னு வெச்சாங்க. அப்புறம் முறையை மாத்தி மாத்தி, மாவட்ட ஒதுக்கீடு வரைக்கும் போச்சு. மார்க்குங்கறது ஒரு எண் மட்டும் இல்லை, அது யார் கையில் இருக்குங்கறதும் சேர்ந்துதான்னு யாழ்ப்பாணத்துக்காரங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆன்ட்டிக்குப் பல்கலைக்கழக இடம் கிடைக்கலை. லண்டனில் இருந்த ஒரு மச்சாள் நர்ஸ் விண்ணப்பம் அனுப்பி வெச்சாங்க. 1974-இல் விமானம் ஏறியாச்சு. கையில் ஆறு ஓ-லெவல் பாஸ். விதிப்படி ரெண்டு இருந்தாலே ஸ்டூடன்ட் நர்ஸா சேரலாம், ஞாபகம் இருக்கட்டும். சேர்த்துக்கிட்டது பியூப்பில் நர்ஸா. எந்த ஆஸ்பத்திரின்னு இங்கே வேண்டாம்.

"அப்ப எங்களுக்கு உந்த வித்தியாசம் ஒண்டும் தெரியாது பிள்ளை. நர்ஸ் எண்டால் நர்ஸ்தானே எண்டு நினைச்சம். ஒரு வருசம் கழிச்சுத்தான், என்னோட ஒரே வார்ட்டில நிண்ட வெள்ளைக்காரப் பிள்ளையின்ர பெல்ட் ஏன் வேற நிறம் எண்டு கேட்டன். அவள்தான் சொன்னாள். அவளுக்கு மூண்டு ஓ-லெவல்."

இதைச் சொல்லும்போது ஆன்ட்டி முருங்கைக்காய் நறுக்கிக்கிட்டிருந்தாங்க. குரலில் கோபம் எல்லாம் இல்லை. எங்களுக்குத்தான் பேச்சு வரலை. என் தோழி மட்டும், "மாத்தித் தரச் சொல்லிக் கேட்கலையா ஆன்ட்டி"ன்னா. "கேட்டனான். விசா புதுப்பிக்கிற நேரம் வரேக்க கதைப்பம் எண்டினம். பிறகு ஆர் கதைக்கிறது?"

வெளிநாட்டில் படிக்கற மக்களே, விசா புதுப்பிக்கற நேரத்தில் வாயை மூடிக்கிட்டு இருக்கறதுன்னா என்னன்னு உங்களுக்கு நான் விளக்க வேண்டாம்.

கீழ்ப் பட்டியலுக்கு முடிவு வந்தது 'ப்ராஜெக்ட் 2000' திட்டத்தில். 1986-இல் அறிக்கை, 1989-லேர்ந்து நடைமுறை. நர்ஸ் பயிற்சி ஆஸ்பத்திரிப் பள்ளிகளிலிருந்து கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போச்சு, டிப்ளமா ஆச்சு. எஸ்.இ.என். பயிற்சியைப் படிப்படியா மூடினாங்க. ஏற்கனவே எஸ்.இ.என். ஆனவங்களுக்கு மாற்றுப் படிப்பு. அதுக்கும் இடம் குறைவு, வருஷக்கணக்கில் காத்திருப்பு. ஆன்ட்டி ரெண்டு பிள்ளைகளை வெச்சுக்கிட்டு, நைட் டூட்டி பார்த்துக்கிட்டே 1990-களில் அதை முடிச்சாங்க. இருபது வருஷமா செஞ்சிக்கிட்டிருந்த வேலையையே, செய்யத் தெரியும்னு எழுதிக் காட்டி.

அப்புறம் கதை வேகமா ஓடுது. வேல்ஸில் 2004, ஸ்காட்லாந்தில் 2011, இங்கிலாந்தில் 2013 செப்டம்பர்லேர்ந்து புதுசா சேர்றவங்களுக்கு டிகிரி கட்டாயம். "படிச்ச திமிரில் நோயாளியைக் குளிப்பாட்ட மாட்டாங்க"ன்னு பத்திரிகைகள் எழுதிச்சு. ஃபென்விக் ஆவி சிரிச்சிருக்கும். ஆனா அதே 2013 பிப்ரவரியில்தான் மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் ஆஸ்பத்திரியில் நடந்த கொடுமைகள் பத்தி ஃப்ரான்சிஸ் விசாரணை அறிக்கை வந்தது. தண்ணி கேட்டுக் கிடைக்காம பூச்சாடியிலிருந்து குடிச்ச நோயாளிகள் பத்தின சாட்சியமெல்லாம் வெளியே வந்த விசாரணை அது. உடனே, மார்க் மட்டும் போதாது, நர்சிங் மாணவரின் மனப்பாங்கையும் பார்த்து எடுக்கணும்னு புது ஏற்பாடு. நேர்காணலில் கருணை, மரியாதை பத்திக் கேள்விகள், குழுவா உட்கார வெச்சு கவனிக்கறது. வார்ட்ரோப்பர் அம்மாவின் தாள் வேற பேரில் திரும்பி வந்துடுச்சு! ஒரே வருஷத்தில் ரெண்டு கட்சியும் ஜெயிச்ச அதிசயம்.

இங்கே நம்ம ஊரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிக்கறேன், பெருமைக்காகத்தான். பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகம் நர்சிங்கில் டிகிரி படிப்பு ஆரம்பிச்சது 1960-இல், எடின்பரோவில். நம்ம வேலூர் சி.எம்.சி.யில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்சி. நர்சிங் ஆரம்பிச்சது 1946-இல், டெல்லியிலும் அதே வருஷம். 14 வருஷம் முன்னாடி! நர்ஸுகளைப் பதிவு பண்ற சட்டமும் மெட்ராஸ் மாகாணத்தில் 1926-லேயே வந்தாச்சு. ஆனா டிகிரி முதலில் வந்த ஊரில்தான் டிகிரியின் சதவீதம் நர்ஸை ஆயுசுக்கும் துரத்துது.

இப்ப நடைமுறை விஷயம். டிகிரி முடிச்சுட்டு நர்சிங்குக்கு வர நினைக்கறவங்க சிலர் இதைப் படிக்கலாம்னுதான் சொல்றேன்.

வேற பாடத்தில் டிகிரி வாங்கினவங்க நர்ஸாகறதுக்குன்னே அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் 1974-லேயே மூணு வருஷப் படிப்பு ஒண்ணு தொடங்கிச்சு. அமெரிக்காவில் இந்த வகைப் படிப்புகளுக்கு ஜி.பி.ஏ. 3.0 வேணும்னு பல இடங்களில் கேட்பாங்க. பிரிட்டனில் அதுவே ரெண்டு வருஷம். முன்னாடி படிச்சதையும் பார்த்த வேலையையும் கணக்கில் எடுத்து, மொத்தப் படிப்பில் பாதி வரைக்கும் கழிச்சுக்க நர்சிங் கவுன்சில் (இப்போ என்.எம்.சி.) அனுமதிக்குது. டிகிரியில் எந்த கிளாஸ் வேணும்னு என்.எம்.சி. சொல்றதில்லை, அது பல்கலைக்கழகத்தின் பாடு. பெரும்பாலும் 2:2 கேட்பாங்க. அதாவது இந்த ஊர்க் கணக்கில் 50-லேர்ந்து 59. இந்திய சதவீதத்தை எப்படி மாத்திப் பார்க்கறாங்கங்கறது இடத்துக்கு இடம் வேறுபடும், அதனால ஒரு இடத்தில் 'முடியாது'ன்னா அடுத்த இடத்தில் கேளுங்க. நூத்துக்கணக்கான மணி நேரம் பராமரிப்பு வேலை பார்த்த கடிதம் கையில் இருந்தா, மார்க் குறைஞ்ச விண்ணப்பத்தையும் திறந்து படிப்பாங்க. உதவித்தொகை பத்திப் பேசினா, முழு ஃபீஸையும் கட்டி பர்சரி கொடுத்த காலம் 2017-இல் முடிஞ்சது. 2020-லேர்ந்து வருஷத்துக்கு 5,000 பவுண்டு மானியம் வந்தது, ஆனா நம்மளை மாதிரி ஸ்டூடன்ட் விசாக்காரங்களுக்கு அதில் பங்கில்லை.

என் தோழி மாதிரி ஏற்கனவே நர்ஸா இருக்கறவங்களுக்கு வழி வேற. என்.எம்.சி. பதிவுக்கு ஆங்கிலத் தேர்வு, கம்ப்யூட்டரில் ஒரு தேர்வு, அப்புறம் ஆஸ்கி என்கிற செய்முறைத் தேர்வு. பி.எஸ்சி.யில் இத்தனை சதவீதம் இருந்தாதான்னு ஒரு விதி அதில் இல்லை. பொம்மை நோயாளியைப் படுக்க வெச்சு, "இவருக்கு மூச்சு முட்டுது, என்ன செய்வே, செஞ்சு காட்டு"ங்கறாங்க. பதிவு கிடைச்சு இங்கேயே வார்டில் வேலை பார்த்தா, மேல்படிப்பு நேர்காணலில் 53.4-ஐ விட அதுதான் முதல் பேச்சா இருக்கும்னு ரெண்டு பல்கலைக்கழகத்துக்காரங்க அவகிட்ட சொல்லியிருக்காங்க. எழுத்தில் ஒண்ணும் தரலை. அவ ஆங்கிலத் தேர்வு முடிச்சாச்சு, கம்ப்யூட்டர் தேர்வும் முடிச்சாச்சு. ஆஸ்கிக்கு எங்க சமையலறையில்தான் பயிற்சி. நான்தான் பொம்மை நோயாளி. ஆன்ட்டி பரீட்சகர். கை கழுவற முறையில் மட்டும் நாலு தடவை ஃபெயில் போட்டாங்க. லக்ஸ் அம்மா தோத்தாங்க!

2019-லேர்ந்து நர்சிங் அசோசியேட்னு ஒரு புது வகையை என்.எம்.சி. பதிவு பண்ணுது. ரெண்டு வருஷப் பயிற்சி, நர்ஸுக்கு ஒரு படி கீழே. ஆள் பத்தலை, அதனால. ஆன்ட்டிகிட்ட சொன்னேன். "உது எங்கட எஸ்.இ.என்.தான் பிள்ளை, பேரைத்தான் மாத்தியிருக்கினம்"னாங்க. ஆனா பழைய எஸ்.இ.என். இன்னும் முழுசா அழிஞ்சு போகலை. மாற்றுப் படிப்பு படிக்காமலே இருந்துட்டவங்களுக்காக, என்.எம்.சி. பதிவேட்டில் 'இரண்டாம் நிலை'ன்னு ஒரு பகுதியைத் தனியா வெச்சிருக்காங்க. புதுசா அதில் யாரும் பயிற்சி பெற்றுச் சேர்றதில்லை. இருக்கறவங்க ஒவ்வொருத்தரா ஓய்வு பெறப் பெற, அந்தப் பகுதி வருஷா வருஷம் சுருங்கிக்கிட்டே வருது. ஆன்ட்டியோட 1974-இல் வந்த ஒரு மலேசியத் தோழி கடைசி வரைக்கும் அதில்தான் இருந்தாங்களாம்.

டிஸ்கி: ஆஸ்கி தேர்வு அடுத்த மாசம். ரிசல்ட் வந்ததும் சொல்றேன். அதுவரைக்கும் என் ரத்த அழுத்தத்தை ஒரு நாளைக்கு ஆறு தடவை பார்க்கறாங்க.